ஊமைக் கட்டையும் சுருதி அக்காவும்

எங்கள் கிள்ளான் ஊரில் சத்தம் போடுகிற எந்தப் பொருளும் சுருதி அக்காவிடம் திட்டு வாங்காமல் தப்பியதில்லை. துறைமுகத்துச் சரக்குகளை அனுப்பி வைக்கும் எங்கள் ஆபீஸில் கணக்குப் பிரிவில் இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

மைக்ரோவேவ் 'டிங்' என்றால், "கால் சுருதி கம்மி லா" என்பார். ஒருமுறை கப்பல் ஊதியபோது ஜன்னலைத் திறந்து, "மேல போ, இன்னும் கொஞ்சம் மேல போ!" என்று கத்தினார். பிறந்தநாள் விழாக்களில் எங்கள் மானேஜர் பாட வாயைத் திறந்தால், அக்கா கேக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார். அவர் பாடி முடித்த பிறகுதான் கேக் திரும்பி வரும்.

அக்கா பியானோ வாசிப்பார். வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு. கச்சேரிக்குக் கூப்பிட்டவர்கள் உண்டு. போய்த் தட்டிப் பார்ப்பார். "இது பியானோ இல்ல, பீரோ" என்று சொல்லிவிட்டு வீடு திரும்புவார். ஐம்பதைத் தாண்டியும் அவர் மேடை ஏறியதே இல்லை.

அதனால், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் வாசிக்க ஒப்புக்கொண்டார் என்றதும் எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆபீஸே வேன் பிடித்துப் போனது.

மண்டபத்துக்காரர் பியானோ மேல் அடுக்கியிருந்த நாற்காலிகளை அப்போதுதான் இறக்கிக்கொண்டிருந்தார். "சுருதி சேர்க்க டியூனர் வரேன்னு சொன்னாரு, அக்கா. காடி வழியில படுத்துக்கிச்சாம்."

அக்கா ஒவ்வொரு கட்டையாக அழுத்தினார். ஏர்கோன் தண்ணீர் எத்தனை காலம் உள்ளே சொட்டியதோ! ஒரு கட்டை அழுத்தினால் எழவே இல்லை. நகத்தால் தூக்கிவிட வேண்டியிருந்தது. பெடலை மிதித்தால் பூனையின் வாலை மிதித்த மாதிரி கத்தியது. நட்டநடுக் கட்டை மொத்தமாக ஊமை. 'டொக்' என்றது, அவ்வளவுதான்.

அக்கா பியானோவை மூடினார். "வேன எடுக்கச் சொல்லவாக்கா?" என்றேன்.

அவர் மேடைத் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். முதல் வரிசையில் எங்கள் ஆபீஸ். நடுவில் மானேஜர், பாத்தேக் சட்டையும் படிய வாரிய தலையுமாக, இன்டர்வியூவுக்கு வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

"அவருகூட அயர்ன் போட்டுட்டு வந்திருக்காரு பாரு. எப்படிடா போறது?" என்றார். "உண்மையச் சொல்லவா? முன்னாடி பார்த்த பியானோ எல்லாம் அவ்ளோ மோசமில்ல. எனக்குத்தான் பயம்."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு திரையைத் திறக்கச் சொன்னார்.

"வணக்கம். இந்தப் பியானோவுல நடுக்கட்டை ஊமை. அது வர்ற இடத்துல நான் தலையாட்டுவேன். நீங்க எல்லாரும் 'ம்' சொல்லணும். இந்தச் சுருதியில." முனகிக் காட்டினார். மண்டபம் முனகியது. "கடைசி வரிசை கம்மி. இன்னொரு தடவ!"

சிரிப்புக்கு நடுவே வாசிக்க ஆரம்பித்தார். முதல் தலையாட்டலுக்கு முன்பே மானேஜர் தமக்கென்று ஒரு சுருதியில் "ம்ம்ம்" என்றார். அக்கா கை நிற்காமல் ஒரு பார்வை பார்த்தார். அடுத்த முறை மானேஜர் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்கடுத்த முறை கண்ணை மூடித் துணிந்து சேர்ந்தார். சரியாக விழுந்தது! அக்காவின் புருவம் உயர்ந்தது. வேகமான பகுதியில் அவர் தலையை ஆட்டிய வேகத்துக்கு 'ம்' சொல்லியே எங்களுக்கு மூச்சு வாங்கியது. இதற்கிடையே எழாத கட்டையைச் சுண்டுவிரலால் தூக்கிவிட்டுக்கொண்டே போனார். ஒரு இடத்தில்கூடத் தாளம் தப்பவில்லை.

கடைசியாக ஒரு மெதுவான பாட்டு. அந்த இடம் வந்தது. அக்கா லேசாகத் தலையசைத்தார். மண்டபம் முழுவதும் ஒரே மூச்சாக அந்த ஒற்றைச் சுருதியைப் பிடித்து நிற்க, அதன் அடியில் அவர் விரல்கள் நடந்தன.

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அக்கா கும்பிட்டபடியே நின்றார், இறங்கத் தோன்றாமல்.

பின்வரிசை ஆன்டி ஒருவர் என் தோளைத் தட்டினார். "யாரு தம்பி இவங்க? வெளிநாட்டுல இருந்து வந்தவங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் மானேஜர் திரும்பினார். அதுவரை அக்காவை 'மேடம்' என்று மட்டுமே கூப்பிட்டவர், அவரைவிட வயதிலும் மூத்தவர்.

"கிள்ளான் லா, ஆன்டி," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எங்க அக்கா."