மதர்போர்டுக்குப் பட்டா மாறுதல்

நம் பக்கத்தில் 'கூட வருகிறவர்' என்றொரு இனம் உண்டு. யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. தாலுகா ஆபீஸோ, ஆஸ்பத்திரியோ, பெண் பார்க்கப் போகிற வீடோ, நமக்கு முன்னால் போய், இருக்கிற ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, நம்மிடம் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லுவார். நமக்கு வாய் இல்லையா? இருக்கிறது. அதற்கு வேலை வராது.

நீடாமங்கலத்தில் அவருக்குப் பெயர் குஞ்சிதபாதம்.

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் மையம் வைத்திருக்கும் நிலோஃபருக்கு இடி மழையில் மதர்போர்டு போய்விட்டது. புதிது மாட்டியதும், உள்ளே ஓடுகிற ஆபரேட்டிங் சிஸ்டம் ஆளே மாறிவிட்டதாக நினைத்து, 'உரிமம் இல்லை' என்று திரை ஓரத்தில் எழுதிவிட்டது. மறுநாள் மையத்துக்கு அரசு அனுமதி தர அதிகாரிகள் ஆய்வுக்கு வருகிறார்கள். அந்த எழுத்தைப் பார்த்தால் அனுமதி கிடைக்காது. பழைய உரிமத்தைப் புதிய போர்டுக்கு மாற்றித் தர ஓர் உதவி எண் இருந்தது. அவள் எண்ணை அழுத்துவதற்குள் நாற்காலியில் குஞ்சிதபாதம்.

"பட்டா மாறுதல் மாதிரிதாம்மா இது. குடு போனை."

"நானே பேசிடறேண்ணே..."

"உனக்குப் பேசத் தெரியாது. சும்மா இரு."

ஸ்பீக்கரில் ஒரு பெண் பணிவாகக் கேட்டாள். "சார், இதை எத்தனை கம்ப்யூட்டர்ல போட்டிருக்கீங்க?"

இருந்தது ஒன்று. ஆனால் ஆபீஸில் குறைத்துச் சொன்னால் மதிக்கமாட்டார்கள் என்பது அவர் அனுபவம்.

"நாலும்மா. வலங்கைமான்ல கிளை வேற இருக்கு."

"மன்னிக்கணும் சார். ஒரு உரிமம் ஒரு கம்ப்யூட்டருக்குத்தான்."

"இதுக்கு மேலிடத்துல ஆள் பிடிக்கணும்" என்று போனைக் கொடுத்துவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.

நிலோஃபர் நின்றபடியே மறுபடி அழைத்தாள். அதே குரல்.

"ஒண்ணுதாங்க. அதே கம்ப்யூட்டர்தான். இடியில போர்டு போச்சு, மாத்தினோம்."

"முன்னாடி பேசின சார் யாரு?"

"அவரு... கூட வந்தவருங்க."

அந்தப் பக்கம் சிரிப்பு. "எங்க ஆபீஸ்லயும் ஒருத்தர் இருக்கார் மேடம்."

அவள் சொன்ன எண்களை நிலோஃபர் தட்டினாள். திரை ஓரத்து எழுத்து மறைந்தது.

அன்று மாலை டீக்கடையில் குஞ்சிதபாதம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நாலுன்னு ஒரு போடு போட்டேன். அதுல அரண்டுதான் கம்பெனிக்காரன் ஒண்ணாவது குடுத்தான்."

அவர் 'நாலு' என்றபோதே, நிலோஃபர் போனைப் பிடுங்கியிருக்க வேண்டாமா என்று உங்களுக்குத் தோன்றியதா? நாமாக இருந்தால் எப்படிப் பேசியிருப்போம் என்று மனதுக்குள் பேசியும் பார்த்துவிட்டீர்களா? அனுமதி கிடைத்த கையோடு நிலோஃபர் இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறாள். வந்தால் தாராளமாக உட்காருங்கள். போனை மட்டும் கேட்காதீர்கள்.