மணிக்கூண்டு மாதிரி ஒழுங்காக

ஒரு குழந்தையை, அது பிறப்பதற்கு ஏழு மாதம் முன்பே, ‘இல்லை’ என்று சாட்சி சொன்னவன் நான். அதுவும் இலக்கண சுத்தமான ஆங்கிலத்தில், உவமையோடு. (உவமை இல்லாமல் அப்போது எனக்குத் தண்ணீர்கூடக் கேட்கத் தெரியாது.)

தொண்ணூறுகளின் கடைசி. ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, திண்டுக்கல் வெயிலைப் பற்றிக் கவிதை எழுதிக்கொண்டு, வேறு வேலை எதுவும் இல்லாமல் இருந்தேன். பங்குச் சாமியார் என் அப்பாவின் மீது இரக்கப்பட்டு, சேவுகம்பட்டிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு என்னை அனுப்பினார். டென்மார்க்கிலிருந்து மருத்துவம் படிக்கும் இரண்டு பேர் பயிற்சிக்கு வருகிறார்கள், மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றார். வந்தவர்களில் பையன் ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விட்டான். மயங்கிக் கிடப்பவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவதில்லை. மிச்சமிருந்தவள் லீனா. புறநோயாளிகள் பகுதியில், நெட்டையாக, வெயிலில் சிவந்த மூக்கோடு, ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பாள்.

அவளைப் போல ஒருத்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஸ்டெதஸ்கோப்பை நோயாளியின் மேல் வைப்பதற்கு முன் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துச் சூடாக்குவாள். அவள் ஊர்க் குளிருக்கு அது சரி. எங்கள் சித்திரை மாதத்தில் அந்த வில்லை ஏற்கெனவே தோசைக்கல். “எதற்கு?” என்று கேட்டேன். “கை பழகிவிட்டது. விட்டால் மரியாதை குறைந்தது போல இருக்கிறது” என்றாள். எங்கள் கிழவிகளுக்கு அது ஒன்று போதும். மருந்துக்காக இல்லாமல் அந்தத் தேய்ப்புக்காகவே வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள்.

என் மொழிபெயர்ப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பெரியவர், “முதுகு வலிக்குது தம்பி” என்றார். நான் லீனாவிடம், “ஒரு மலையைச் சுமந்து வந்தவன் அதை இறக்கி வைக்க இடம் தேடுவதைப் போல ஒரு வலி” என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: “இடது பக்கமா, வலது பக்கமா?”

அங்கே நர்ஸ்களுக்கெல்லாம் தலைவி பெர்னதெத் சிஸ்டர். எனக்கு ‘கவிஞர்’ என்று பேர் வைத்தது அவர்தான். (பாராட்டு என்று ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன்.)

அப்படி இருக்கையில் ஒரு திங்கட்கிழமை, வரிசையில் ஜெசிந்தா அக்கா வந்து உட்கார்ந்தாள். என் பெரியம்மா மகள். என்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவள். கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. கோயிலில், கடையில், பஸ்ஸில், கண்டவர்களெல்லாம் அவளிடம் “ஏதும் விசேஷமா?” என்று கேட்பதையும், அக்கா சிரித்துக்கொண்டே முந்தானையைத் திருகுவதையும் பார்த்து வளர்ந்தவன் நான். செத்தாலும் அந்தக் கேள்வியை நான் கேட்பதில்லை என்று வைராக்கியம்.

“என்ன அக்கா?”

“ரெண்டு வாரமா ஒரே வாந்தி அப்பு. நெஞ்சு எரியுது. பித்தம்னு மச்சான் சொல்றாரு.”

அதை மட்டும் உவமையில்லாமல் சொன்னேன். லீனா குறித்துக்கொண்டு, நிமிர்ந்து, சாதாரணமாகக் கேட்டாள்: “கடைசியாக மாதவிலக்கு எப்போது? கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா?”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் பெஞ்சில் எங்கள் ஊர்க்காரர்கள் நாலு பேர். எந்த வாயால் கேட்பேன்? எம்.ஏ.வில் இதற்குப் பாடம் இல்லை. நான் அக்கா பக்கம் திரும்பவே இல்லை.

“எல்லாம் ஒழுங்காக வருகிறது,” என்றேன் ஆங்கிலத்தில். போதாது என்று தோன்றியது. “எங்கள் ஊர் மணிக்கூண்டு போல. கர்ப்பம் என்ற சந்தேகமே வேண்டாம்.”

லீனா எழுதிக்கொண்டாள். மணிக்கூண்டையும் சேர்த்து.

பெரிய டாக்டரம்மா அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, வயிற்றுப்புண்ணாக இருக்கலாம், பேரியம் கொடுத்து எக்ஸ்ரே எடுத்துவிடலாம் என்றார். பேரியம் என்பது சுண்ணாம்பைக் கரைத்தது போல ஒரு வெள்ளை மருந்து. அதைக் குடிக்க வைத்து வயிற்றைப் படம் பிடிப்பார்கள். நாளைக் காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார். “சரியாப் போயிரும் அக்கா” என்று பஸ் ஏற்றிவிட்டேன். என்ன பெருந்தன்மை!

மறுநாள் அக்கா எக்ஸ்ரே அறை வாசலில், டம்ளரைக் கையில் பிடித்து, மூக்கைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லீனா வேகமாக வந்தாள். டம்ளரை வாங்கித் தரையில் வைத்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

“நேற்று ஒரு கேள்வி கேட்டேன். நீ அவரிடம் பேசவில்லை. அவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் எனக்குப் பதில் கிடைத்தது. எப்படி?”

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சுவரில் மாதா படம் போட்ட மாதக் காலண்டர் தொங்கியது. அதை ஆணியோடு பிடுங்கினாள். அக்காவின் முன்னால் சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். காலண்டரை அக்கா மடியில் வைத்துத் தன் அடிவயிற்றைத் தொட்டுக்காட்டி, இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்ட முப்பது சொற்களில் இரண்டை எடுத்துக் கேட்டாள்.

“அக்கா... எப்ப?”

அக்கா வெட்கத்தோடு என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அவள் விரல் அந்த மாதத் தாளில் கொஞ்ச நேரம் அலைந்தது. தாளைப் பின்னால் புரட்டினாள். இன்னொரு தாள். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் விரல் போய் நின்றது. அவளுக்கு எப்போதும் நாள் முன்னே பின்னே ஆகும். ஆறு வருஷம் எண்ணி எண்ணி ஏமாந்து, எண்ணுவதையே விட்டிருக்கிறாள். விரல் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், மெதுவாக வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிறுநீர்ச் சோதனை முடிவு வருவதற்குள் நான் மூன்று தடவை ஜெபமாலை சொன்னேன். (நான் ஞாயிற்றுக்கிழமையே கோயிலுக்குப் போகாதவன்.) வந்தது. விசேஷம்தான்.

எக்ஸ்ரே கதிர் கருவுக்கு ஆகாது என்று எனக்கு அப்புறம்தான் தெரியும். டாக்டரம்மா சீட்டைத் தூக்கிக் காட்டி, “இதை யார் எழுதினது?” என்று கேட்டபோது நான் பெர்னதெத் சிஸ்டரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். லீனா முன்னால் போய் நின்றாள். “நோயாளி சொல்லாததை நான் எழுதினேன். தப்பு என்னுடையது” என்றாள். என்னை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. அதைத் தாங்க முடியாமல்தான் நான் வாயைத் திறந்தேன். “அவங்க இல்ல டாக்டர். நான்தான். கேக்கவே இல்ல. நானா சொன்னேன்.”

பெர்னதெத் சிஸ்டர் சீட்டை வாங்கி உரக்கப் படித்தார். “மணிக்கூண்டாம்ல, மணிக்கூண்டு! ஏலே கவிஞரே, ஒங்க ஊரு மணிக்கூண்டு என்னைக்குலே சரியா ஓடுச்சு?”

வராந்தா முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. எனக்கு வேலை போகும் என்று நினைத்தேன். போகவில்லை. அதற்கப்புறம் லீனா எந்தக் கேள்வி கேட்டாலும் நான் அப்படியே கேட்டேன். ஒற்றை உவமை கிடையாது. நான் எழுதியதில் உருப்படியான வரிகள் அந்த ஆஸ்பத்திரிக்குப் பிறகுதான் வந்தன என்று நினைக்கிறேன்.

மார்கழியில் ரீட்டா பிறந்தாள். பேச்சு வந்த நாளிலிருந்து அவள் என்னை மாமா என்று கூப்பிட்டதில்லை. “மணிக்கூண்டு மாமா” என்றுதான். அவள் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையிடம், “நான் இல்லவே இல்லைன்னு இங்கிலீஷ்ல சொன்னது இவருதான்” என்று அறிமுகப்படுத்தினாள். அவர் எழுந்து நின்று கும்பிட்டார், பாவம்.

போன வருஷம் எனக்கு வயிற்றுவலி வந்து திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். துணைக்கு ரீட்டா. பின்னால் ஜெசிந்தா அக்கா. வாயில் தெர்மாமீட்டரோடு நான் படுத்திருக்கையில் டாக்டர் கேட்டார்: “வெளிக்கி ஒழுங்கா போகுதா?”

ரீட்டா என் பக்கம் திரும்பவே இல்லை. “மணிக்கூண்டு மாதிரி, டாக்டர். சந்தேகமே வேண்டாம்.”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். டாக்டர் எழுதத் தொடங்கினார். உண்மையில் நாலு நாளாக ஒன்றும் போகவில்லை. நான் பரிதாபமாகக் கையை ஆட்டிக்கொண்டு, சுவரில் எங்காவது ஒரு காலண்டர் தொங்குகிறதா என்று தேடினேன்.