பூட்டிய சிலிண்டரும் பெண் பார்க்க வந்தவர்களும்

கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. இதை என் கணவரே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டதால் மறைத்துப் பயனில்லை. ஆனால் அந்தக் கோபத்தைக் கிளப்பிவிட்டது யார் என்று மட்டும் அவர் சொல்வதே இல்லை. நான் சொல்கிறேன்.

கடலுக்கு அந்தப் பக்கம் எங்கோ சண்டை. கப்பல் வராது, கேஸ் கிடைக்காது என்று டிவியில் கத்தினார்கள். உடனே மானகிரியில் எங்கள் வீட்டில் போர்க்காலச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. காபி ஒரு வேளைதான். குளிக்க வெந்நீர் கிடையாது (அதுவும் மழைக்காலத்தில்!). கையிருப்பில் இருந்த ஒரே மாற்றுச் சிலிண்டரை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். இவர் அதைச் சாமான் அறையில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண்கயிற்றில் கட்டிக்கொண்டார்.

"என்னங்க, நாளைக்கு மகளைப் பொண்ணு பார்க்க வாராக. சாவியக் குடுங்க."

"அடுப்புல இருக்கதே ஓடும். யுத்த காலம் செல்வி, சிக்கனமா இரு."

மறுநாள் கோவிலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிவிட்டார்கள். எண்ணெய்ச் சட்டியில் சீயம் பாதி வெந்திருந்தபோது அடுப்பு அணைந்தது. இவரோ இன்னொரு சிலிண்டருக்காகக் காரைக்குடியில் வரிசையில் நிற்கப் போயிருந்தார், சாவியோடு! போன் போட்டேன். அது சாமி அறையில் அடித்தது. (வெளியே கொண்டுபோனால் சார்ஜ் வீணாகுமாம்.)

தோட்டத்துக் கடப்பாரையை எடுத்தேன். பட்டுச்சேலையை இழுத்துச் செருகினேன்.

"இந்த மனுஷனை முதல்ல பார்டருக்கு அனுப்பணும்! எதிரி தானா ஓடிருவான்!" என்று கத்திக்கொண்டே பூட்டை இடித்தேன்.

திரும்பினால், பின்னால் மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா. என் மகள் முகத்தை மூடிக்கொண்டாள். கடப்பாரையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன் (அது என்னைவிட உயரம்).

மாப்பிள்ளையின் அம்மா விறுவிறுவென்று வந்தார்.

"இங்குட்டுக் குடுங்க. நீங்க பூட்டை இடிக்கிறீக, கதவுக் கொண்டியையில்ல நெம்பணும்! எங்க வீட்டுல அரிசியப் பூட்டி வச்சிருக்காக" என்று தன் கணவரை முறைத்தபடி ஒரே நெம்பு. கொண்டி பூட்டோடு பெயர்ந்து விழுந்தது.

அந்த நேரம் பார்த்து இவர் வெறுங்கையோடு வந்து சேர்ந்தார். பெயர்ந்து கிடந்த கொண்டியைப் பார்த்து அலறினார்: "ஐயையோ, திருடனா?"

"திருடன் இல்ல. சம்பந்தி" என்றார் அந்த அம்மா.

கல்யாணம் அந்த ஒரு வார்த்தையில் நிச்சயமாகிவிட்டது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் கதவைத் தட்டினாலும், "திருடனா, சம்பந்தியா?" என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்கும். எல்லாரும் சிரிப்பார்கள். அதிகம் சிரிப்பவர் இவர்தான். அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.