மெத்தைக் கடையில் தூங்கிய விவகாரம்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதுவது. இங்கு இருவரும் நலம், அங்கு நீங்களும் பிள்ளைகளும் நலமா? நலம் என்ற சொல்லை வெகுநாள் கழித்துக் கொட்டாவி விடாமல் எழுதுகிறேன்.

நீங்கள் சிபாரிசு செய்து சேர்த்துவிட்ட மெத்தைக் கடையில் நான் தூங்குகிறேன் என்று யாரோ உங்கள் காதில் போட்டிருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் நடந்ததைக் கேளுங்கள். ராத்திரி முழுக்க உறங்கியும் காலையில் மூட்டை சுமந்தவன்போல் எழுந்திருப்பேன், பல் துலக்கும்போதே ஒரு களைப்பு, சட்டைப் பொத்தான் போட்டு முடிப்பதற்குள் இன்னொரு களைப்பு, பஸ்ஸில் நின்றபடியே தூக்கம், கடைக்குப் போனால் திரும்பிய பக்கமெல்லாம் மெத்தை, மனிதன் என்னதான் செய்வான்? ஒரு நாள் வாடிக்கையாளருக்குப் படுத்துக் காட்டியவன் எழுந்திருக்கவில்லை. அவர் அதே மெத்தையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் முதலாளியே ஜன்னலோரக் கட்டிலில் எனக்குத் தலையணை போட்டுவைத்தார். நான் தூங்கத் தூங்கத் தெருவில் போகிறவர்கள் உள்ளே வந்தார்கள்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம். "அந்த ஃபோனைத் தூக்கிப் போடுங்க, எல்லாம் சரியாயிடும்" என்றாள் உங்கள் தங்கை. மாடிவீட்டு எலக்ட்ரீஷியன், "ரத்தம் கம்மி சார்" என்றார். என் அம்மா சொன்ன காரணம் உங்கள் தங்கையைப் பற்றியது, அதை விட்டுவிடுவோம். கடைசியில் டாக்டரிடம் போனேன். "களைப்புங்கறது ஒரு புகார்தாங்க. யார் அனுப்பினதுன்னு தேடணும்" என்று ரத்தச்சோகை, தைராய்டு, சர்க்கரை, மனக்கவலை என்று வரிசையாக விசாரித்தார். எல்லாரும் நிரபராதி. பிறகு உங்கள் தங்கையிடம் குறட்டையைப் பற்றிக் கேட்டாரோ இல்லையோ, அவள் ஆரம்பித்துவிட்டாள். "நடுவுல மூச்சே நின்னுடும் டாக்டர், அப்புறம் திடுக்குன்னு வரும்." சோதித்துப் பார்த்தார்கள். மூச்சு நின்று நின்று, இத்தனை நாளும் நான் சரியாக உறங்கவே இல்லையாம். மூக்கில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுத்தார்கள்.

மச்சான், அந்த வாரமே மாடிப்படியில் ஓடி ஏறினேன். அலமாரியைக் காரணமில்லாமல் நகர்த்தினேன், பிறகு பழைய இடத்துக்கே நகர்த்தினேன். "முன்னாடி இருந்ததே தேவல" என்கிறாள் உங்கள் தங்கை. கஷ்டம் கடையில்தான். படுத்தால் தூக்கம் வரவில்லை, நடித்தால் இமை துடிக்கிறது, வியாபாரம் விழுந்துவிட்டது. "பழையபடி தூங்கு, இல்லன்னா வேற இடம் பாரு" என்கிறார் முதலாளி. நீங்கள் அவரிடம் ஒரு வார்த்தை பேசினால் என் வேலை பிழைக்கும்.

பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம், உங்களுக்கு நல்ல உறக்கம்.

இப்படிக்கு,
கண் திறந்திருக்கும் மைத்துனன்

பின்குறிப்பு: பேச வேண்டாம் மச்சான். எனக்குத் தூங்கக் கற்றுத்தர இன்று முதலாளியே ஜன்னலோரக் கட்டிலில் படுத்தார். படுத்தவர் எழவில்லை. கடை அதிரக் குறட்டை, வாசல் வரை கூட்டம். நடுவில் குறட்டை நின்றது, கூடவே மூச்சும். "என்ன நிம்மதியா தூங்கறாரு பாருங்க" என்றார்கள் வந்தவர்கள். நான் ஓடிப்போய் உலுக்கி எழுப்பினேன், கூட்டம் கலைந்தது. "நாளையிலேருந்து வராத" என்றார் முதலாளி. சரி என்று சொல்லி அவர் கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்து வந்துவிட்டேன். இங்கே பெஞ்சில் இருந்துதான் இதை எழுதுகிறேன், அவர் என் தோளில் சாய்ந்திருக்கிறார். எனக்கு வேறு வேலை பார்த்து வையுங்கள். நின்றுகொண்டே செய்கிற வேலையானாலும் பரவாயில்லை. இப்போது என்னால் நிற்க முடிகிறது.