வௌவால் ஊரில் தலை தீபாவளி

தென்னேரிக்குப் பக்கம்
கீலக வருஷம், ஐப்பசி 12

மதிப்பிற்குரிய சம்பந்தி கலியாணசுந்தரம் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் மருமகள் இந்திராணியின் தகப்பன் காசிநாதன் கைகூப்பி எழுதிக்கொள்வது. தங்கள் கடிதம் வந்து சேரும் வரையில் இவ்விடம் அனைவரும் சுகமாகவே இருந்தோம். அவ்விடம் தாங்களும் சம்பந்தியம்மாளும் கோபம் தணிந்து சுகமாக இருக்க வரதராஜப் பெருமாளை வேண்டுகிறேன்.

"தலை தீபாவளிக்கு வந்த என் மகனுக்கு ஓர் ஊசிப்பட்டாசுகூட வாங்க வக்கில்லாத வீட்டுப் பெண் எங்களுக்கு எதற்கு? பையனை மட்டும் உடனே வேலூருக்கு அனுப்பவும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததிலிருந்து என் சம்சாரம் அடுப்பு மூட்டவில்லை. இந்திராணி மாப்பிள்ளையின் வேட்டியைத் துவைக்கிறாள், துவைத்ததையே எடுத்து மறுபடி துவைக்கிறாள். பெண்ணைப் பெற்றவன் நான், அவள் வாழ்க்கை தங்கள் கையில் இருக்கிறது. ஆகவே நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பட்டாசு வாங்கவில்லை என்பது அபாண்டம். காஞ்சிபுரத்தில் ஹனீஃபா பாய் கடைக்குப் போய் வேண்டியதையெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லி, அவர் பொட்டலம் கட்டுகிற நேரத்தில் "எந்த ஊரு சார்?" என்று கேட்க, நான் சொன்னதும் மனுஷர் கட்டிய கயிற்றை அவிழ்த்துச் சரத்தைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார். "அந்த ஊருக்கு மத்தாப்பு தர்றேன், பூவாணம் தர்றேன். வெடி மட்டும் கேக்காதீங்க சார். எங்க அத்தா காலத்துலேர்ந்து குடுக்கறதில்ல. அங்க வவ்வா இருக்குது" என்றார். நான் ஓய்வு பெற்று இந்த ஊருக்குக் குடிவந்தது வைகாசியில்தான். தெருக்கோடி இலுப்பை மரத்தில் வௌவால் தொங்குவது தெரியும். அதற்காக என் மாப்பிள்ளை ஏன் வெடிக்காமல் இருக்க வேண்டும் என்பது தெரியாது. ஆகவே அடுத்த கடைக்காரர் வாயெடுக்குமுன் நானே முந்திக்கொண்டு "எனக்கு ஊர் ஓரிக்கை" என்று பொய் சொல்லி, சரவெடியும் அணுகுண்டுமாக ஒரு கூடை நிறைய வாங்கி, மேலே வாழைப்பழச் சீப்பை வைத்து மூடி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

தீபாவளியன்று விடிகாலையில் மாப்பிள்ளை அப்பாதுரை எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புது வேட்டி கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். பார்த்தால், ஊரே புதுத்துணி உடுத்தித் தெருவில் நிற்கிறது. ஒருவரும் பேசவில்லை. வேலூர் மாப்பிள்ளை வெடி கொளுத்துவதைப் பார்க்கத்தான் இத்தனை ஜனமும் வந்திருக்கிறது என்று நான் பூரித்துப்போனேன். மாப்பிள்ளையும் அப்படியே நினைத்து, உள்ளே போய் இன்னொரு தடவை தலையை வாரிக்கொண்டு வந்தார். சரத்தை நீளமாகப் போட்டு, கையில் புகைகிற ஊதுவத்தியோடு குனிந்தார்.

எதிர்வீட்டில் தறி போட்டிருக்கும் தையல்நாயகி, தாசில்தார் குரல் படைத்தவள், அன்றைக்கு மட்டும் சத்தமே இல்லாமல் வந்து சரத்தின் மேல் காலை வைத்து நின்றாள்.

"கொஞ்சம் இரு மாப்ள. அதுங்க வூட்டுக்கு வர்ற நேரம்பா."

"எதுங்க?"

"மேல பாரு."

பார்த்தோம். ஏரிப் பக்கமிருந்து முதலில் ஒன்று வந்தது, அப்புறம் பத்து, அப்புறம் எங்கே பார்த்தாலும் அவைதான், வெளுக்க ஆரம்பித்த வானம் மறுபடி கறுத்துவிட்டது சம்பந்தி. ஒவ்வொன்றும் விரித்த குடை அகலம். தலைக்கு மேல் அத்தனை உயிர் போகிறது, இறக்கைக் காற்றுதான் முகத்தில் படுகிறது, ஓசை மட்டும் கிடையாது. ஆயுசெல்லாம் சர்க்கார் உத்தியோகம் பார்த்த நான் எதைக் கண்டும் லேசில் வாய் பிளக்கிறவன் அல்ல. அன்றைக்குக் கருட சேவைக்கு நிற்பது மாதிரி கைகூப்பி நின்றேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊதுவத்தி எரிந்து விரலைச் சுட்டதுகூட மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. இந்திராணிதான் பிடுங்கி எறிந்தாள்.

கடைசி வௌவாலும் மரத்தில் தொங்கிய பிறகுதான் தையல்நாயகி காலை எடுத்தாள். "வெள்ளக்காரன் காலத்துல ஒருத்தன் துப்பாக்கி எடுத்துக்கினு வந்து சுட்டான். ராவோட ராவா அத்தினியும் போயிட்ச்சுப்பா. அதுங்க பழத்த தின்னுட்டு மரத்தடியில போடற இலுப்பக் கொட்டைய ஆட்டித்தான் கோயிலுக்கு எண்ண. மூணு வருசம் வெளக்கு இல்ல. கால்ல வுழுந்து கூப்டவா முடியும்? ஊரே மேளம் இல்லாம, வெடி இல்லாம வாயப் பொத்திக்கினு இருந்திச்சு. தானா திரும்பி வந்திச்சுங்க. சித்திரையில வா மாப்ள, வயித்துல குட்டிய இட்டுக்கினு பறக்கும்" என்றாள். மாப்பிள்ளை கூடையைத் தூக்கி அவளிடமே கொடுத்தார். அது இப்போது அவள் வீட்டுத் தறிக்குழியில், கால்மிதிக்குப் பக்கத்தில், ஈரம் ஏறிக்கொண்டிருக்கிறது. இதுதான் நடந்தது. தங்களை அவமதிக்கும் எண்ணம் எனக்குக் கனவிலும் இல்லை.

இருந்தாலும் தங்கள் மனக்குறை தீர, கார்த்திகைக்கு நானே வேலூருக்கு வந்து, தெருவே காதைப் பொத்திக்கொள்ளும்படி தங்கள் வாசலில் வெடி வெடிக்கிறேன். தங்கள் ஆணைப்படி மாப்பிள்ளையை வியாழக்கிழமை பஸ்ஸில் தனியாகவே அனுப்புகிறேன். இந்திராணியை எப்போது அழைத்து வரலாம் என்று ஒரு வரி எழுதினால் போதும். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

சம்பந்தியம்மாளுக்கு என் சம்சாரத்தின் நமஸ்காரம். குழந்தைகள் இருவரும் நீடூழி வாழத் தங்கள் ஆசி வேண்டும்.

தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்,
காசிநாதன்

பின்குறிப்பு: மேலே நான் கொடுத்த வாக்கு எதையும் நம்பவேண்டாம். இதைத் தபாலில் சேர்க்கக் கிளம்பும்போதே மாப்பிள்ளை இந்திராணியையும் கூட்டிக்கொண்டு வேலூர் பஸ் ஏறிவிட்டார், கடிதத்துக்கு முன்னால் வந்து நிற்பார்கள். கார்த்திகை வெடியும் கூடாதாம். தங்கள் கொல்லைக் கொய்யா மரத்தில், வௌவால் வராமலிருக்கத் தாங்கள் வலை கட்டியிருக்கிறீர்களாமே, அதை அறுக்கத்தான் இந்த அவசரம். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கத்தி இந்திராணியிடம் இருக்கிறது.