உறிஞ்சியரின் கோட்டுப் பை

லண்டனில் தமிழர்கள் செய்யாத வேலை இல்லை. ஆனால், 'ஸ்ர்ர்ர்ப்' என்று ஊர் கேட்க உறிஞ்சுவதற்கென்றே மாதச் சம்பளம் வாங்கியவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். எங்களுக்கு அவர் உறிஞ்சியர்.

குரொய்டனில் ஒரு சின்னக் கோப்பி இறக்குமதிக் கம்பெனி. கப்பல் பத்திரங்களைத் தட்டச்சு செய்வது என் வேலை. கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து வரும் கோப்பியைக் கரண்டியில் எடுத்து, உறிஞ்சி, துப்பி, நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுவது அவர் வேலை. எண்பதுக்குக் கீழே போனால் சரக்குக் கப்பல் ஏறாது.

இந்தப் பழக்கம் ஆபீசோடு நின்றிருந்தால் நாங்கள் நிம்மதியாக இருந்திருப்போம். கல்யாண வீட்டில் ரசத்தை உறிஞ்சி, பெண்ணின் தகப்பனிடமே "எழுபத்திரண்டு" என்றார். கோயிலில் தீர்த்தத்தை உறிஞ்சிய சத்தத்தில் ஐயருக்கு மந்திரம் தடுமாறியது.

"அண்ணை, இங்கயாவது சத்தமில்லாமக் குடிக்கக்கூடாதோ?" என்று கெஞ்சினேன்.

"காத்துச் சேராட்டி ருசி தெரியாது, பிள்ளை."

இன்னொரு கிறுக்கும் இருந்தது. புதிதாக எந்தச் சாம்பிள் வந்தாலும் ஒரு பிடி வறுக்காத பச்சைக் கோப்பிக் கொட்டையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்வார். வீட்டுக்குப் போகும் தோர்ண்டன் ஹீத் பஸ்ஸில் அதை எடுத்து எடுத்து மோந்து பார்ப்பார். பக்கத்து சீட் எப்போதும் காலியாகவே இருக்கும்.

ஒருமுறை உகண்டாவின் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து சாம்பிள் வந்தது. அந்த ஊர்க் குடும்பங்களின் ஒரு வருட உழைப்பு மொம்பாசா துறைமுகத்தில் கண்டெய்னருக்குள் எங்கள் பதிலுக்காகக் காத்திருந்தது. அந்த நேரம் பார்த்து ஆபீஸ் வறுக்கும் மெஷின் படுத்துவிட்டது. "வீட்டுத் தாச்சிச் சட்டியில வறுத்துக்கொண்டு வாறன்" என்று உறிஞ்சியர் சாம்பிளைத் தூக்கிக்கொண்டு போனார்.

பக்குவமாக வறுத்து, ஆறவைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். மனைவி வந்து பார்த்தார். கோப்பி இருக்கிறது, எங்கள் ஊர்க் கோப்பிக்குச் சேர்க்கும் மல்லியைக் காணவில்லை. மனுசன் மறந்துவிட்டது என்று இரக்கப்பட்டு, மல்லி, சுக்கு, மிளகு எல்லாம் யாழ்ப்பாண அளவில் வறுத்துச் சேர்த்து அரைத்து, சாம்பிள் வந்த அதே பையில் போட்டு இறுக்கி ஒட்டியும் வைத்துவிட்டார்.

மறுநாள் உறிஞ்சியர் கோட்டைக் கழற்றுவதற்குள் எங்கள் வெள்ளைக்கார முதலாளி பொறுமையில்லாமல் பையைப் பிரித்துச் சுடுநீர் ஊற்றிவிட்டார். ஒரு வாய் உறிஞ்சியதும் அவர் கண் இரண்டும் வெளியே வந்தன. மிளகு தெரிகிறது, இஞ்சி தெரிகிறது, இந்த ருசியெல்லாம் தரும் இப்படி ஒரு மண்ணா என்று கூத்தாடினார். தொண்ணூற்று நான்கு மார்க்! அடுத்த வருட விளைச்சலையும் சேர்த்து வாங்குவதாக உடனே ஈமெயில் போடச் சொன்னார்.

எனக்கு வாசனையிலேயே விளங்கிவிட்டது. தடிமன், சளி வந்தால் அம்மா தரும் அதே கோப்பி. உறிஞ்சியரும் ஒரு கரண்டி உறிஞ்சினார். துப்பவில்லை, விழுங்கிவிட்டார். முகம் வெளுத்தது.

"அண்ணை, வாயைத் திறக்காதேங்கோ. பாவம் அந்தச் சனம், கண்டெய்னர் ஏறட்டும்" என்று கிசுகிசுத்தேன்.

"ஏறி இஞ்ச வந்தா, அதுக்குள்ள மல்லி இருக்குமோ? பிறகு அந்தச் சனத்தையெல்லோ கள்ளர் எண்டுவினம்."

முதலாளியிடம் போய் நின்றார். கப்பைக் காட்டி, "சேர், திஸ் இஸ் மை வைஃப்" என்றார். முதலாளி பயந்துபோய்க் கப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

விஷயம் விளங்கியதும் ஆபீஸ் அதிர்ந்தது. சாம்பிளும் போச்சு, கண்டெய்னரும் வேண்டாம் என்று கத்தினார் முதலாளி. உறிஞ்சியர் கோட்டுப் பையை மேசையில் கவிழ்த்தார். பஸ் கார்ட், விபூதிப் பொட்டலம், ஒரு பிடி உகண்டாக் கொட்டை. கொட்டையில் ஒட்டிய விபூதியை ஊதித் துடைத்து, ஆபீஸ் குசினியில் முட்டை பொரிக்கும் சட்டியில் வறுத்தார். புகை எழும்ப, அலாரம் அலற, கட்டிடம் முழுக்கத் தெருவுக்கு வந்தது. உறிஞ்சியர் அரைத்த தூளும் கெட்டிலுமாகக் கடைசியாக வெளியே வந்தார்.

மழைத் தூறலில், நடைபாதையில், தீயணைப்பு வண்டிக்குப் பக்கத்தில் நின்று அவரும் முதலாளியும் உறிஞ்சினார்கள். உறிஞ்சியர் போட்ட சத்தத்துக்கு பஸ் ஸ்டாப்பில் நின்ற நாய் குரைத்தது.

"எண்பத்தேழு" என்றார் முதலாளி.

"எண்பத்தாறு, சேர். ஒண்டு மழைக்குக் கழிச்சாச்சு" என்றார் உறிஞ்சியர். கண் கலங்கியிருந்தது. கண்டெய்னரை ஏற்றச் சொல்லி என் போனிலிருந்தே ஈமெயில் போட்டேன்.

போன வருடம் ஓய்வு பெற்று ரெய்னர்ஸ் லேனுக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கடைசி நாள், நான் பார்க்காத நேரம் என் கோட்டுப் பையில் ஒரு பிடி பச்சைக் கொட்டையைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"வாஷிங் மெஷின் பழுதாப் போகும், எறியுமப்பா" என்கிறார் என் கணவர். ஓம் ஓம் என்று தலையாட்டுகிறேன். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டும் இப்போது காலியாகத்தான் இருக்கிறது.