சந்தனம் குடித்த கல்

சாமி காரியத்தில் கஞ்சத்தனம் எனக்குப் பிடிக்காது. இந்தக் குணத்தால் வீட்டில் நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன். வேலைக்குப் போன இடத்தில் மானம்தான் போனது.

குமாரபாளையத்துத் தறி வீட்டில் பிறந்தவள் நான். ஆயுத பூஜை வந்தால் தறி, நாடா, எண்ணெய் டப்பா, ஸ்விட்ச் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் பொட்டு வைப்போம். (ஒருமுறை தூங்கிக்கொண்டிருந்த சித்தப்பாவுக்கும் வைத்திருக்கிறோம்.) படித்து முடித்து, அயோத்தியாப்பட்டணத்தில் கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் சின்ன ஆய்வகத்தில் சேர்ந்தேன். பூஜையன்று பொறுப்பாளர் சேகர் சார், "எதையும் விட்றாதம்மா" என்றார். நான் விடுவேனா! தராசு, அடுப்பு எல்லாம் முடிந்து, மேசைமேல் இருந்த கற்களுக்கும் சந்தனத்தைக் குழைத்து முழுக்கப் பூசிவிட்டேன்.

அவை ராசிபுரம் தங்கவேல் அண்ணன் செய்து, சோதனைக்குக் கொடுத்திருந்த தரைக்கற்கள். உடம்பெல்லாம் துளை, மழைத்தண்ணீரை உள்ளே விட்டு மண்ணுக்கு அனுப்புவதுதான் அவற்றின் வேலை. ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் அந்தக் கல்லைப் பதிக்கும் ஆர்டர் கிடைக்காவிட்டால் அண்ணன் பட்டறையை மூடவேண்டியதுதான்.

பூஜை முடிந்து ஆய்வகம் திறந்த காலையில் சோதனையை நேரில் பார்க்க அண்ணனும் பள்ளியின் இன்ஜினியரும் வந்து இறங்கினார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்க் கற்களைக் குழாயடியில் வைத்துத் தேய்தேய் என்று தேய்த்தேன். மேலே இருந்த சந்தனமெல்லாம் கரைந்து ஒழுங்காகத் துளைக்குள் போய் உட்கார்ந்தது.

கல்லின்மேல் வளையம் பொருத்தித் தண்ணீர் ஊற்றினார் சேகர் சார். கீழே வாளி காத்திருந்தது. ஒரு சொட்டு இறங்கவில்லை. அடுத்த கல்லும் அப்படியே.

"தண்ணி எறங்காத கல்லு எங்களுக்கு எதுக்குங்க?" என்று இன்ஜினியர் எழுந்தார்.

"ஏனுங்க, இங்க குடுக்கறதுக்கு முந்திகூட ஊட்டுல ஊத்திப் பாத்தனுங்க!" தங்கவேல் அண்ணனின் குரல் உடைந்தது. அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"சார், கல்லு நல்ல கல்லுங்க. நான்தானுங்க சந்தனம் பூசிட்டேன்!" என்று கத்தினேன்.

இன்ஜினியர் நம்பவில்லை. "வேற கல்லு இருந்தாக் காட்டுங்க" என்றார். வாசல் சரிவில் நின்ற அண்ணனின் டெம்போ நினைவுக்கு வந்தது. பின்சக்கரத்துக்கு அணையாக அதே கல்லில் ஒன்று! பாய்ந்துபோய் உருவிக்கொண்டு வந்தேன். சேகர் சார் ஊற்றினார். சடசடவென்று இறங்கிய தண்ணீர் வாளியையும் தாண்டி இன்ஜினியரின் பேன்ட்டை நனைத்தது. அவர் சிரித்தேவிட்டார். "ஆர்டர் உங்களுக்குத்தானுங்க" என்று அவர் சொல்லி முடிக்கவும், வெளியே டமார் என்று சத்தம்.

"சாமி, அணைக்கல்லையா உருவுன?" என்று அலறிக்கொண்டு ஓடினார் தங்கவேல் அண்ணன். சரிவில் உருண்ட டெம்போவுக்கும் சுவருக்கும் நடுவில் அப்பளமாகக் கிடந்தது சேகர் சாரின் புது ஸ்கூட்டர். கண்ணாடியில் நான் வைத்த பொட்டு மட்டும் கலையவில்லை. நல்லவேளை, அருகில் ஆள் யாரும் இல்லை.

இன்று என் மகள் படிப்பது அந்தப் பள்ளியில்தான். எவ்வளவு மழை பெய்தாலும் மைதானத்தில் தண்ணீர் நிற்பதில்லை. எனக்குப் பெருமை தாங்காது. ஆனால் பள்ளியில் ஆயுத பூஜைக்குப் பெற்றோரை அழைக்கும்போதெல்லாம் மகள் வாசலிலேயே என்னை நிறுத்திவிடுவாள்.

"அம்மா, கையைக் காட்டு. ம்... சரி, உள்ள வா. எதையும் தொடாத."